தலையைப் பிடித்திருப்பவர் சொல்லட்டும்

துபாயில் நான் கடைசியாக வேலை பார்த்த முதலுதவிப் பிரிவில் இப்போது இருக்கும் நர்ஸ் பெனிட்டா, போன மாதம் போன் செய்தாள். எங்கள் கன்னியாகுமரி கடற்கரைப் பக்கத்துப் பெண்தான்.

"அண்ணா, நீங்க இருந்தப்போ கழுத்துல அடிபட்டவங்களை எல்லாம் அந்தக் கெட்டிப் பலகையில கட்டித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீங்களாமே? இப்ப அது தூக்கி எடுக்கிறதுக்கு மட்டும்தான். அதுல படுக்க வச்சிருக்கக் கூடாதுன்னு சர்க்குலர் வந்திருக்கு. கழுத்துக் காலரும் எல்லாருக்கும் வேண்டாமாம்."

"அப்போ நாங்க செஞ்சதெல்லாம் தப்பா பிள்ளே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"அப்படிச் சொல்லல. தலையைக் கையால பிடிக்கிறது மட்டும் அப்படியேதான் இருக்கு. நீங்க ஒரு இங்கிலாந்து பிளேயரோட தலையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தீங்கன்னு இங்க இன்னும் சொல்றாங்க. நிஜமா?"

நிஜம்தான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் டிப்ளமா படித்தேன். ஆண் நர்ஸ் என்றால் பெண் கொடுக்க யோசித்த காலம். படித்து முடித்து, சில வருடம் அங்கேயே ஊசி போட்டு, கட்டுக் கட்டி, பிறகு ஊரில் பாதிப் பேரைப் போல நானும் கல்ஃபுக்கு விமானம் ஏறினேன். இதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் வேலை கற்றுக்கொண்டது தோஹா தொழில்பேட்டையில்தான்.

அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்புக்குள் இருந்த கிளினிக்கில் எனக்கு வேலை. இரண்டு அறை, ஒரு கட்டில். டாக்டர் சாயங்காலம் மட்டும் வருவார். காய்ச்சல், வயிற்றுவலி, வெயிலில் மயக்கம், ஆணி குத்திய கால் என்று நாள் போகும். ஒரு மத்தியானம் வாசலில் பிக்கப் வண்டியின் ஹாரன் விடாமல் அடித்தது. வெளியே ஓடினேன். முன் சீட்டில் இரண்டு பேருக்கு நடுவே முனியசாமி உட்கார்ந்திருந்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், சாரம் கட்டுகிறவர். சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்றார்கள்.

"நல்லாத்தான் சார் இருந்தான். காலை மடக்கித்தான் வண்டியில ஏறுனான்" என்றார் கூட வந்த கதிரேசன். பிறகு அவரை உலுக்கி, "இறங்குடா முனியா, ஆஸ்பத்திரி வந்திருச்சு" என்றார்.

முனியசாமி தன் கால்களைக் குனிந்து பார்க்க முயன்றார். முடியவில்லை. "கதிரு, காலு எங்கடா இருக்கு?" என்று கேட்டார்.

தொழில்பேட்டைச் சாலைகளில் அப்போது வண்டி குதித்துக் குதித்துத்தான் வரும். அந்தக் குலுக்கலில் ஆயிற்றா, விழுந்தபோதே ஆகிவிட்டதா என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை. கதிரேசன் அங்கே வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நாங்க தூக்கிட்டு வந்ததுனாலயா?" இல்லை என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன். கூட்டாளி விழுந்துகிடக்கும்போது தூக்காமல் நிற்க யாருக்கு மனசு வரும்? தூக்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை, அவ்வளவுதான். முனியசாமி ஸ்ட்ரெச்சரில் ஊருக்குப் போனார். பிறகு நடக்கவில்லை.

காண்ட்ராக்ட் முடிந்து, துபாயில் ஒரு விளையாட்டு வளாகத்தின் முதலுதவிப் பிரிவில் சேர்ந்தேன். எங்கள் தலைமை சிஸ்டர் சிவமலர். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டை நடந்த வருடங்களில் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. குரலை உயர்த்த மாட்டார். பாராட்டவும் மாட்டார். யாராவது ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தால் அடுத்த காரியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்; அதுதான் பாராட்டு என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

வாரத்துக்கு ஒரு நாள் கழுத்துப் பயிற்சி. "இண்டைக்கு நான்தான் நோயாளி" என்று வெள்ளைச் சீருடையோடு புல்தரையில் படுத்துக்கொள்வார். ஒருவர் தலைமாட்டில் குப்புறப் படுத்து, முழங்கைகளைத் தரையில் ஊன்றி, அவர் தலையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். இழுக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. மூன்று பேர் பக்கவாட்டில் முழங்காலிட்டு உடம்பை ஒரே மரக்கட்டையைப் போலத் திருப்ப வேண்டும். எப்போது திருப்புவது, எப்போது நிறுத்துவது என்று சொல்கிற அதிகாரம் தலையைப் பிடித்திருப்பவருக்கு மட்டும்தான்.

"டொக்டர் நிண்டாலும் சரி, ஷேக் நிண்டாலும் சரி" என்பார். "தலையைப் பிடிச்சிருக்கிறவர் சொல்லட்டும். மற்ற ஆக்கள் கேக்க வேணும்."

திருப்பி முடித்ததும் எழுந்து, புடவையைத் தட்டுவதைப் போலச் சீருடையைத் தட்டிவிட்டு, ஒவ்வொருவர் செய்த பிழையையும் சொல்வார். எனக்கு எப்போதும் ஒரே பிழை. "தம்பி சகாயம், காதைப் பொத்தாதையும். அவருக்குக் கேக்க வேணும். அசைய ஏலாமல் கிடக்கிற மனுசருக்குக் காது ஒண்டுதானே மிச்சம்."

இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஆடும் ஒரு கால்பந்துக் கிளப், ஒரு பிப்ரவரியில் எங்கள் வளாகத்துக்குப் பயிற்சிக்கு வந்தது. பெயர் வேண்டாம். அந்த சீசனில் அவர்கள் நிலைமை படுமோசம். பட்டியலின் அடியில் கிடந்தார்கள். அப்படியே முடிந்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். கோப்பைப் போட்டியில் முன்னமே தோற்று வெளியேறியதால் கொஞ்ச நாள் இடைவெளி கிடைத்து, குளிரிலிருந்து தப்பி வெயிலுக்கு வந்திருந்தார்கள். மேனேஜர் உருவத்தில் பெரியவர், சிவந்த கழுத்து. எந்த நாளும் வேலை போய்விடலாம் என்று பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

துபாயின் கராமாப் பகுதியில் என் ரூம்மேட் ஆன்றனி ஏ.சி. மெக்கானிக், என் ஊர்க்காரன். எங்கள் கரையில் கால்பந்துக்குப் பிறகுதான் சாப்பாடு. அவனுக்கு இந்தக் கிளப் பிடிக்காது. "வேற டீமே கிடைக்கலியாலே உங்களுக்கு? தோக்கதுக்குப் பிளைட் ஏறி வந்திருக்கானுவ" என்றான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலைப் பயிற்சி. கார்னர் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். நானும் சிஸ்டரும் கோட்டுக்கு வெளியே பையோடு உட்கார்ந்திருந்தோம். ஒரு இளம் தடுப்பாட்டக்காரன், அந்த சீசனில்தான் முதன்முறையாகப் பெரிய அணிக்கு வந்தவன், பந்துக்குத் தாவினான். அவன் அணியின் கோல்கீப்பரும் தாவினார். மேலே மோதியதில் பையன் தலைகீழாகி, நெற்றி முதலில் தரையில் பட, கழுத்து மடங்கி விழுந்தான். பந்து உருண்டு வலைக்குள் போனது. அதை எடுக்க யாரும் போகவில்லை.

ஓடினோம். அவன் குப்புறக் கிடந்தான், முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது. நான் அவன் பார்வை பட்ட பக்கமாகவே போய், "தலையைத் திருப்பாதே. ஆட்டாதே. வாயால் மட்டும் பதில் சொல்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தலைமாட்டில் படுத்துப் பிடித்தேன்.

"என் கை எங்கே இருக்குன்னு தெரியல" என்றான். பிறகு மெதுவாக, "காலும்."

எனக்குத் தோஹா ஆஸ்பத்திரியின் வராந்தா நினைவுக்கு வந்தது. பிடியை மட்டும் மாற்றவில்லை.

அதற்குள் கிளப்பின் டாக்டர் வந்துவிட்டார். நரைத்த தலை, அரைக்கால் சட்டை. அவர் என் பக்கம் குனிந்ததும், சிஸ்டர் தன் வழக்கமான தாழ்ந்த குரலில், "தலை அவரிடம் இருக்கிறது, டாக்டர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மனிதர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நல்லது. நான் தோள்பட்டைக்குப் போகிறேன். நீங்கள் சொல்லுங்கள்" என்று பக்கவாட்டில் முழங்காலிட்டார். நல்ல டாக்டர் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சிஸ்டர் இடுப்புக்குப் போனார். காலுக்கு ஆள் வேண்டும். அந்தப் பெரிய மேனேஜர் தானாகவே வந்து மண்டியிட்டு, "எனக்குச் சொல்லித் தாருங்கள்" என்றார்.

குப்புறக் கிடப்பவரைத் திருப்புவதில் ஒரு சங்கதி உண்டு. எந்தப் பக்கம் திருப்பப் போகிறோம் என்று பார்த்து, தலையைப் பிடிக்கிறவர் கைகளை முதலிலேயே குறுக்காக வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் மல்லாந்து முடிக்கும்போது கைகள் தாமாகவே நேராகிவிடும். மறந்துவிட்டால் பாதி வழியில் கை முறுக்கிக்கொள்ளும். அப்போது விடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. சிஸ்டர் இடுப்பை விட்டு வந்து என் தலையைப் பிடித்துக்கொண்ட ஒரு கணத்தில் நான் கைகளை மாற்றி வைத்தேன். என் தலையை என்றா எழுதிவிட்டேன்? அவன் தலையைத்தான். அன்றைக்கு எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

"மூன்று என்றதும் திருப்புங்கள்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மேனேஜரும் டாக்டரும் சிஸ்டரும் ஒரே ஆளாகத் திருப்பினார்கள். பையன் மல்லாந்தான். கைகள் நேராயின.

ஆம்புலன்ஸ் வளாகத்தின் மறுபக்கத்தில் நின்றது. இந்தப் பக்கத்துக் கேட்டைக் கட்டுமான வேலைக்காகச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவிக்காக வாட்ச்மேன் ஓடுவது தெரிந்தது. காத்திருக்க வேண்டியதாயிற்று.

"பேச்சுக் குடும்" என்றார் சிஸ்டர் என்னிடம், காலரின் அளவைப் பார்த்துக்கொண்டே.

என்ன பேசுவது? என் முகம் அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கும். நானும் கால்பந்து ஆடியவன்தான், எங்கள் சர்ச் டீமுக்குக் கோல்கீப்பர் என்றேன். கடற்கரை மணலில் ஆடுவோம், அலை வந்தால் பந்தோடு கோல் போஸ்டும் போய்விடும் என்றேன்.

"கோல்கீப்பரா? எல்லாம் உங்க ஆளுங்க வேலைதான்" என்றான். உதடு கோணியது.

"சிரிக்காதே. தலை ஆடும்."

"அம்மா டிவியில பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது" என்றான் திடீரென்று. கண்ணோரம் நீர் வழிந்து என் விரலில் பட்டது. மேனேஜர் அவன் காலைப் பிடித்தபடியே, "நான் பேசுறேன்பா. நானே பேசுறேன்" என்றார்.

அப்போதுதான் பையனின் முகம் வெளுத்தது. "வாந்தி வருது."

மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தலையை மட்டும் திருப்பினால் கழுத்து போய்விடும். முழு உடம்பையும் மறுபடி திருப்ப வேண்டும், உடனே. என் கைகள் மரத்துப்போயிருந்தன. "என் பக்கம் பாருங்கள். மூன்று" என்று கத்தினேன், ஒன்றையும் இரண்டையும் சொன்னேனா என்று நினைவில்லை. மூன்று பேரும் திருப்பிவிட்டார்கள். அவன் டாக்டரின் முழங்கால்மேல் வாந்தி எடுத்தான். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சிஸ்டர் விரலில் துணியைச் சுற்றி அவன் வாயைத் துடைத்தார். திரும்பவும் மல்லாத்தினோம்.

சங்கிலி விழும் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் புல்மேல் வந்தது. காலர், பலகை, தலையின் இரண்டு பக்கமும் கட்டை, நெற்றியில் டேப் எல்லாம் போட்ட பிறகும் நான் கையை எடுக்கவில்லை. சிஸ்டர் எடுக்கச் சொல்லவுமில்லை. அப்படியே வண்டிக்குள் ஏறினேன்.

ஷேக் சாயித் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது பையன் முனகினான். "விரல் எரியுது. நெருப்பு மாதிரி எரியுது."

நான் பயந்து சிஸ்டரைப் பார்த்தேன். அவர் முகத்தில் அதுவரை நான் கண்டிராத ஒன்று வந்தது.

"எரியட்டும்" என்றார் தமிழில், எனக்காக. "எரிஞ்சால் நல்லம், தம்பி. உயிர் திரும்பி வருகுது."

அவன் காலுறையை உருவிவிட்டு, பெருவிரலை ஆட்டச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சொன்னார். கிளப் டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை, அந்தப் பெருவிரல், குளிரில் நடுங்கும் கோழிக்குஞ்சு போல ஒரு துளி அசைந்தது. டாக்டர் தன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, நரம்புத் தண்டு அதிர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். சாயங்காலத்துக்குள் அவன் கையால் டம்ளரைப் பிடித்தான். மேனேஜர் வராந்தாவில் நின்று அவன் அம்மாவிடம் போனில் பேசினார். "நடப்பான் அம்மா, நடப்பான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் வெளியே போய் ஒரு கரக் டீ, பாலில் கடுப்பாகக் காய்ச்சும் அந்த ஊர் டீ, வாங்கினேன். கப்பைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் இன்னும் ஒரு தலையின் அளவுக்கே வளைந்திருந்தன. கப்பை மதில்மேல் வைத்துவிட்டு அழுதேன். யாருக்காக என்று கேட்டால், இந்தப் பையனுக்காக மட்டும் இல்லை. சிஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ரெண்டாந்தரம் ஒண்டு, ரெண்டு சொல்லாமல் மூண்டு எண்டிட்டீர்" என்றார். பிறகு, "அடுத்த கிழமை காலுக்கு ஆள் இல்லாமல் செய்து பழக வேணும்" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

கிளப் ஊருக்குப் போனபின் அந்த டாக்டரிடமிருந்து போன் வந்தது. உங்கள் பிரிவுக்கு என்ன அனுப்பட்டும், கையெழுத்துப் போட்ட சட்டைகளா என்று கேட்டார். சிஸ்டர், "சட்டை வேண்டாம். பலகையும் காலரும் அனுப்புங்கள், இங்கே அல்ல, பக்கத்து அஜ்மானில் ஒரு லேபர் கேம்புக்கு" என்று விலாசம் சொன்னார். நான் தோஹாவில் நடந்ததை எப்போதோ அவரிடம் சொல்லியிருந்தேன். பலகைகள் வந்தன. அதன் பிறகு பல வெள்ளிக்கிழமைகள் நாங்கள் அஜ்மானுக்குப் போனோம். ஃபோர்மேன், பிக்கப் டிரைவர், சமையல்காரர் என்று யார் வந்தாலும் சிஸ்டர் சிமென்ட் தரையில் படுத்து, "நான்தான் நோயாளி" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்வார். ஒரு சிஸ்டரின் தலையைத் தொடக் கூச்சப்பட்டவர்கள் எல்லாம் நாளடைவில் நன்றாகப் பிடித்தார்கள்.

இங்கிலாந்தில் சீசன் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ரூமில் ஆன்றனி தன் பெரிய அணியை விட்டுவிட்டு இவர்களுடைய ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தான். தோற்றார்கள், டிரா செய்தார்கள், இரண்டு வாரம் ஜெயித்தார்கள், மறுபடி தோற்றார்கள். பையன் ஆடவில்லை. கடைசி நாள் ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், மேல் டிவிஷனிலேயே நிற்கலாம் என்ற நிலைமை வந்தது. ஆட்டம் நம் நேரத்துக்கு மாலையில். பக்கத்து ரூம் ஆட்களும் வந்து எங்கள் கட்டில்களில் நெருக்கிக்கொண்டார்கள்.

சமநிலையில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தில், இரண்டாம் பாதியில் ஒரு தடுப்பாட்டக்காரர் நொண்டிக்கொண்டு வெளியேறினார். கேமரா மாற்று ஆளைக் காட்டியது.

"லேய் சகாயம், அவன்தாம்ல! உன் பயதான்!" என்று ஆன்றனி என் முதுகில் அறைந்தான்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவன் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தைத்தான் பார்த்தேன். முடிகிற நேரத்தில் எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. நான்கைந்து பேர் தாவினார்கள், அவனும் தாவினான். தலையால் அடித்துப் பந்தை வெளியே தள்ளினான், அடுத்த நொடி ஆட்களுக்கு அடியில் விழுந்தான்.

ஆன்றனி என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

எழுந்தான். சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, கையை நீட்டிப் பக்கத்தில் நின்றவனைத் திட்டினான், ஏன் ஆளை விட்டுவிட்டாய் என்று. விசில் அடித்தது. அந்தப் பெரிய மேனேஜர் மைதானத்துக்குள் ஓடிவந்தார். ஆன்றனி கட்டிலிலிருந்து குதித்ததில் அதன் கால் ஒன்று முறிந்தது.

பால்கனிக்குப் போய் சிஸ்டருக்குப் போன் செய்தேன். அவருக்குக் கால்பந்து தெரியாது, பார்க்கவும் மாட்டார்.

"சிஸ்டர், தப்பிச்சாச்சு."

"ஆர்?"

"அந்தப் பையனோட டீம். இன்னைக்கு அவன் ஆடினான். தலையால அடிச்சான்."

"தலையாலயோ?" என்று கேட்டார். பிறகு, "விழுந்தவரோ?"

"விழுந்தான். எழும்பிட்டான், சிஸ்டர். கூட நின்னவனைக் கைநீட்டித் திட்டினான்."

"கைநீட்டி." ஒரு பெருமூச்சு கேட்டது. "முருகா. சரி தம்பி, நாளைக்குக் காலமை டியூட்டி. நேரத்துக்கு வாரும்." வைத்துவிட்டார்.

மறுநாள் நேரத்துக்கு முன்பே போனேன். சிஸ்டர் எனக்கும் முன்பே வந்திருந்தார். மேசையில் ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் விரிந்திருந்தது. ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடும் பெரிய படம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதில எந்தப் பிள்ளை அவர்?" என்று கேட்டார்.

விரலை வைத்துக் காட்டினேன். வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தான், தலை முழுக்க ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. சிஸ்டர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"கழுத்து நல்லாத்தான் திரும்புது" என்றார்.